நெக்கார் ஆற்றங்கரையில் சிங்கம், யாழ், பன்றி, சாவி

புதன், ஹைடெல்பெர்க்

ஜெர்மனியில் எவ்வளவு சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு கேடயம் கண்ணில் பட்டுவிடும். ஊராட்சி அலுவலக வாசல், தீயணைப்பு வண்டியின் கதவு, பேருந்து நிறுத்தம், குப்பைத்தொட்டி என்று எங்கே திரும்பினாலும் அதே கேடயம், அதற்குள்ளே ஒரு சிங்கமோ சாவியோ சக்கரமோ கலப்பைக் கொழுவோ திராட்சைக் குலையோ இருக்கும். வாப்பன் என்று சொல்கிறார்கள். இந்த லீவில் பெரிய திட்டம் எதுவும் போடாமல் நெக்கார் ஆற்றை ஒட்டி ரயிலில் போய், ஊர் ஊராக இறங்கி இந்தக் கேடயங்களை மட்டும் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன். கூட வருவது மன்ஹைமில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன். அவனுக்குக் கோட்டை, அரண்மனையில் எல்லாம் ஆர்வம் கிடையாது. வழியில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறேன்.

ரயிலில் உட்கார்ந்ததுமே அவன் ஃபோனை நீட்டினான். "அண்ணே, இங்க பாருங்க, சிவப்புன்னா வீரமாம், நீலம்னா விசுவாசமாம், பச்சைன்னா நம்பிக்கை, தங்கம்னா பெருந்தன்மை. எல்லாம் இருக்கு, நாம எதுக்கு ஊர் ஊரா அலையணும்?" இப்படி ஒரு அட்டவணையைச் சட்டம் போட்டு நினைவுப்பொருள் கடைகளிலும் விற்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். நிறங்களுக்கு இப்படி நற்குணம் ஒட்டுவதெல்லாம் பிற்காலத்து அலங்காரம். நிறத்தைப் பற்றி உருப்படியாக இருந்த விதி ஒன்றுதான்: உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது, நிறத்தின் மேல் நிறம் வரக்கூடாது. உலோகம் என்றால் தங்கமும் வெள்ளியும், அதாவது அச்சில் மஞ்சளும் வெள்ளையும். நிறம் என்றால் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு. மஞ்சள் கேடயத்தில் கறுப்பு உருவம் வரலாம், வெள்ளை உருவம் வரக்கூடாது, அவ்வளவுதான். 12-ஆம் நூற்றாண்டில் முகத்தை மூடும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு குதிரையில் வருபவன் நம்மாளா எதிராளியா என்று தூரத்திலேயே தெரிய வேண்டும், அதற்காக வந்த வழக்கம் இது. ஜெர்மனியின் ஊர்ப்பெயர்ப் பலகை இன்றைக்கும் மஞ்சளில் கறுப்பு எழுத்தாக இருப்பதைப் போலத்தான்.

சரி, ஹைடெல்பெர்க். இது கிராமம் இல்லை, பெரிய ஊர். ஆனாலும் இங்கே தொடங்காமல் இந்தப் பள்ளத்தாக்கின் சின்னங்களைப் படிக்க முடியாது. நகரத்தின் கேடயத்தில் கறுப்புப் பின்னணியில் ஒரு தங்கச் சிங்கம், சிவப்புக் கிரீடத்தோடு பின்னங்காலில் எழுந்து நிற்கும், காலடியில் பச்சையாக மூன்று மேடுகள். அந்த மேடுகள் மலைக்கு அடையாளம். சிங்கம் ஃபால்ட்ஸ் என்ற இந்தப் பகுதியை ஆண்ட பிரபுக்களின் சொத்து. அந்தக் காலத்து ஜெர்மன் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்த ஏழு இளவரசர்களில் ஒருவர் ஹைடெல்பெர்க்கில் உட்கார்ந்து இந்தச் சுற்றுவட்டாரத்தை ஆண்டார், அவர் சிங்கம் இது. ஆகவே ஏதாவது ஒரு குக்கிராமத்தின் கேடயத்தில் கறுப்பில் தங்கச் சிங்கத்தைப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் சிங்கம் மாதிரி வீரர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் தாத்தா பாட்டன் எல்லாம் ஹைடெல்பெர்க்குக்கு வரி கட்டியவர்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோட்டைக்கு ஏறிப் போனால் இதைக் கல்லிலேயே பார்க்கலாம். ஒட்டோஹைன்ரிஷ் என்ற இளவரசர் 1556-லிருந்து 1559 வரை மூன்றே வருடம்தான் ஆண்டார், அதற்குள் ஒரு மாளிகையைத் தொடங்கிவிட்டார். அதன் வாசலுக்கு மேலே மூன்று கேடயங்கள். ஒன்றில் சிங்கம். அடுத்ததில் சாய்சதுரக் கட்டங்கள், நாம் பவேரியாவின் நீலம்-வெள்ளை என்று தெரிந்து வைத்திருக்கிற அதே கட்டங்கள். இங்கே அவற்றுக்கு என்ன வேலை என்றால், 1214-ல் ஃபால்ட்ஸ் பவேரியாவின் விட்டெல்ஸ்பாக் குடும்பத்துக்குக் கிடைத்தது. 1242-ல் போகன் என்ற பிரபு வம்சம் வாரிசில்லாமல் முடிந்தபோது அவர்களுடைய கட்டங்களும் அதே குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து சிங்கமும் கட்டமும் ஜோடி. இன்றைய பவேரிய மாநிலச் சின்னத்தில் தங்கச் சிங்கம் ஒரு மூலையில் நிற்பதும் இதே கணக்கில்தான். மூன்றாவது கேடயத்தில் சிலுவை வைத்த உருண்டை. அது பதவிச் சின்னம். பேரரசரின் முடிசூட்டு விருந்தில் உணவு பரிமாறும் கௌரவப் பொறுப்பு ஃபால்ட்ஸ் பிரபுவுக்கு உரியது, அதற்கான அடையாளம் இந்த உருண்டை. "பரிமாறுறதுக்கு ஒரு சின்னமா?" என்று தம்பி கேட்டான். ஆமாம், வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கும் அளவுக்குப் பெருமை.

சாயங்காலம் பல்கலைக்கழக நூலகம். இங்கேதான் கோடெக்ஸ் மனெஸ்ஸே என்ற பழைய பாட்டு ஏடு இருக்கிறது. சூரிச் நகரில் சுமார் 1300-க்கும் 1340-க்கும் நடுவே எழுதப்பட்டது, 426 தோல் ஏடுகள், 137 முழுப்பக்க ஓவியங்கள். நடுவில் பாரிசுக்குப் போய் 1888-ல்தான் ஹைடெல்பெர்க்குத் திரும்பி வந்தது. மூலத்தை எப்போதாவதுதான் காட்சிக்கு வைப்பார்கள், நகலைப் பார்க்கலாம். நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம், ஒவ்வொரு புலவரின் படத்திலும் பெரும்பாலும் அவருடைய கேடயமும் வரையப்பட்டிருக்கும். எல்லாப் புலவருக்கும் உண்மையில் கேடயம் இருந்ததா என்றால் இல்லை, இல்லாதவர்களுக்கு ஓவியரே கற்பனை செய்து போட்டிருக்கிறார். வால்ட்டர் ஃபொன் டெர் ஃபோகெல்வைடெ என்பவரின் பெயரிலேயே பறவை இருக்கிறது, அவருக்குச் சிவப்பில் ஒரு தங்கக் கூண்டு, உள்ளே ஒரு பறவை. ஆக, பெயரைப் பார்த்துச் சின்னம் செய்துவிடுகிற வித்தை எழுநூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. அதே ஏட்டில் ப்ளிகர் ஃபொன் ஷ்டைனாக் என்று ஒருவர், அவர் கேடயத்தில் ஒரு யாழ். நாளைக்கு அவருடைய ஊர்.

வியாழன், நெக்கார்ஷ்டைனாக்

காலையில் கிளம்பி ஆற்றோரமாகவே வந்தோம். ரயில் கொஞ்சம் தூரத்திலேயே பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்திலிருந்து ஹெஸ்ஸனுக்குள் நுழைந்துவிடுகிறது. நாளைக்கு மறுநாள் எபர்பாக் போகும்போது மறுபடி பாடன்-வூர்ட்டெம்பெர்க். ஒரே ஆறு, ஒரே பேச்சு, ஒரே ரயில், ஆனால் மாநிலம் மட்டும் மாறி மாறி வரும், பள்ளிக்கூட விடுமுறைத் தேதிகூட மாறும். வரைபடத்தைப் பார்த்தால் ஏதோ கை தவறிக் கோடு போட்டது போல இருக்கும். கேடயங்களைப் பார்த்தால் புரிந்துவிடுகிறது, அதைச் சொல்வதற்குள் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

நெக்கார்ஷ்டைனாக்கின் சின்னம்: தங்கத்தில் கறுப்பு யாழ். வேறு எதுவும் இல்லை. ஆறு இல்லை, கோட்டை இல்லை, இத்தனைக்கும் இந்தச் சின்ன ஊரின் மலைமுகட்டில் வரிசையாக நான்கு கோட்டைகள் இருக்கின்றன. முன்கோட்டையிலும் நடுக்கோட்டையிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், உள்ளே விடமாட்டார்கள். பின்கோட்டை இடிந்த நிலையில் இருப்பது, நான்கிலும் பழையது. கடைசியாக ஷாடெக், அதற்குத் தகைவிலான் குருவிக் கூடு என்று பட்டப்பெயர், பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நான்கையும் சேர்த்து ஒரு காட்டுப்பாதை போகிறது, இரண்டு மணி நேரம் சாவகாசமாக நடக்கலாம்.

யாழ் எங்கிருந்து வந்தது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். இங்கே இருந்த வீரக் குடும்பத்துக்கு லாண்ட்ஷாட் என்று பட்டம், நாட்டுக்குக் கேடு செய்கிறவன் என்கிற மாதிரிப் பெயர். தகப்பன் கொள்ளையடித்துப் பேரரசரின் கோபத்துக்கு ஆளானான், மகன் உல்ரிக் அந்தப் பழியைத் தீர்க்கச் சிலுவைப் போருக்குப் போனான், பாணன் வேடத்தில் யாழோடு சுல்தானின் பாசறைக்குள் நுழைந்து அவன் தலையை வெட்டிக்கொண்டு வந்தான், அதனால்தான் கேடயத்தில் யாழும் தலைக்கவசத்தின் மேல் கிரீடம் வைத்த ஒரு தலையும் என்று கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஊர்த் தேவாலயத்தில் உல்ரிக் லாண்ட்ஷாடின் கல்லறைக் கல்லும் இருக்கிறது, அவர் இறந்தது 1369.

ஆனால் நேற்று ஹைடெல்பெர்க்கில் பார்த்த ஏடு 1340 வாக்கிலேயே முடிந்துவிட்டது. அதில் ப்ளிகர் கையருகே யாழ் கேடயம் இருக்கிறது, அந்த ப்ளிகரோ 1200-ஐ ஒட்டி வாழ்ந்த புலவர். உல்ரிக் சுல்தானைத் தேடிப் போவதற்கு முன்பே யாழ் வீட்டுக்கு வந்துவிட்டது. கதை சின்னத்தைப் பார்த்துப் பிறந்திருக்கிறது, சின்னம் கதையைப் பார்த்துப் பிறக்கவில்லை. இந்த நாட்டில் நான் கேட்ட கேடயக் கதைகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். எனக்கென்னவோ சுல்தான் தலையைவிட, ஒரு பாட்டுக்காரனை முன்னோராகப் பெற்ற குடும்பம் வாத்தியத்தைக் கேடயத்தில் வைத்துக்கொண்டது என்பதே பிடித்திருக்கிறது.

குடும்பம் 1653-ல் வாரிசின்றி முடிந்தது. ஊர் வோர்ம்ஸ், ஷ்பையர் பிஷப்புகளின் கைக்குப் போனது. 1803-ல் நெப்போலியன் காலத்தில் பிஷப்புகளின் நிலங்களையெல்லாம் பங்கு போட்டபோது ஹெஸ்ஸன்-டார்ம்ஷ்டாட்டுக்கு வந்தது. சிங்கக் கொடியின் கீழ் இருந்த ஹைடெல்பெர்க்கோ அதே வருடம் பாடனுக்குப் போனது. அதாவது காலையில் ரயில் தாண்டிய மாநில எல்லை, பிஷப்புக்கு வரி கட்டிய ஊருக்கும் ஃபால்ட்ஸ் பிரபுவுக்கு வரி கட்டிய ஊருக்கும் நடுவே இருந்த பழைய கோடு. இப்போது சாலையில் எல்லைப் பலகைகளைப் பாருங்கள்: ஹெஸ்ஸன் பக்கம் நீலத்தில் வெள்ளியும் சிவப்பும் பட்டை போட்ட ஒரு சிங்கம், பாடன்-வூர்ட்டெம்பெர்க் பக்கம் தங்கத்தில் மூன்று கறுப்புச் சிங்கங்கள். நேற்றுப் பார்த்த தங்கச் சிங்கத்தோடு இவை எதற்கும் உறவு இல்லை. மூன்று கறுப்புச் சிங்கங்கள் பழைய பேரரசர் குடும்பமான ஷ்டவுஃபர் வம்சத்தினுடையவை. சிங்கம் என்று மட்டும் சொன்னால் போதாது, என்ன நிறம், எதன் மேல், எத்தனை என்று சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரியும்.

மதியம் ஆற்றோரக் கடையில் வறுத்த மீன். தம்பி முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு.

வெள்ளி, ஹிர்ஷ்ஹோர்ன்

இன்றைக்குச் சின்னம் ஒரே பார்வையில் புரிந்துவிடும்: தங்கத்தில் சிவப்பு மான் கொம்பு. ஊர்ப்பெயரே மான் கொம்புதான். மலைமேல் இருந்த குடும்பத்துக்கும் அதே பெயர், அதே கேடயம். பேசும் சின்னம் என்று இந்த வகைக்குப் பெயர், கேடயத்தைப் பார்த்தாலே பெயரை உச்சரித்துவிடலாம் என்பதால். எழுத்துத் தெரியாத காலத்தில் இது எவ்வளவு உபயோகம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊர் அழகு, ஆற்று வளைவு, கோட்டை, எல்லாம் படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது, அதை நான் எழுதி நீட்டப் போவதில்லை. அந்தக் குடும்பம் 1406-ல் கட்டத் தொடங்கிய கார்மேல் மடத்துத் தேவாலயம் கோட்டைக்கும் ஊருக்கும் நடுச்சரிவில் நிற்கிறது. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். 1632-ல் ஹிர்ஷ்ஹோர்ன் வம்சத்தின் கடைசி ஆண் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஊர் மைன்ஸ் பேராயரின் ஆட்சிக்குள் போய், 1803-ல் இதுவும் ஹெஸ்ஸன். ஆனால் கேடயத்தில் கொம்பு அப்படியே இருக்கிறது. முதலாளி போய்விட்டார், முத்திரை நின்றுவிட்டது.

நான் உண்மையில் வந்தது காட்டுக்காக. ஊருக்குப் பின்னால் ஓடன்வால்ட் காடு தொடங்குகிறது, அதற்குள் பழைய எல்லைக் கற்கள் இன்னும் நிற்கின்றன. பாதையிலிருந்து கொஞ்சம் இறங்கி, ஈரச் சருகுக்குள் கால் புதைய, முழங்கால் உயரத்தில் ஒரு செம்மணற்கல். ஒரு பக்கம் முழுக்கப் பாசி. விரலால் மெதுவாக ஒதுக்கினால் முதலில் ஒரு வளைவு, பிறகு குறுக்கே கம்பிகள், எண்ணினால் ஆறு. மைன்ஸ் பேராயரின் சின்னமான சக்கரம். மறுபக்கம் சுற்றி வந்து பார்த்தால் தேய்ந்துபோன சாய்சதுரக் கட்டம், அதன் மேலே சி, பி என்று ரோமன் எழுத்து இரண்டு, ஃபால்ட்ஸ் இளவரசரின் ஆட்சியைக் குறிப்பது. கல்லின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கிறது, எல்லை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்ட. அந்தக் கோட்டில் கால் வைத்து நின்றால் ஒரு கால் பேராயர் நிலத்தில், ஒரு கால் இளவரசர் நிலத்தில். விறகு பொறுக்கப் போனவனுக்கு, பன்றியை மேய விட்டவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் அபராதம். படிக்காதவனுக்கும் புரிய வேண்டும் என்பதால்தான் சக்கரமும் கட்டமும். பிற்காலத்தில் பல ஊர்களுக்குச் சின்னம் வேண்டும் என்றபோது இப்படிப்பட்ட எல்லைக் கல் அடையாளங்களையும் பழைய ஊர் நீதிமன்ற முத்திரைகளையும்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

மைன்ஸ் சக்கரத்துக்கும் ஒரு கதை உண்டு, ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்தது. வில்லிகிஸ் என்ற பேராயர், 975-லிருந்து 1011 வரை மைன்ஸில் இருந்தவர், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சனின் மகன். பெரிய வீட்டுப் பாதிரிகள் அவரைக் கேலி செய்து அவர் வீட்டுச் சுவரில் சக்கரம் சக்கரமாக வரைந்தார்களாம். அவரோ அதையே தன் சின்னமாக எடுத்துக்கொண்டு, "எங்கிருந்து வந்தாய் என்பதை மறக்காதே" என்று எழுதி வைத்தாராம். இதைச் சொன்னதும் தம்பி நிமிர்ந்துவிட்டான். "இது சூப்பர் கதைண்ணே, இதாவது உண்மையா இருக்கக் கூடாதா?" எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் வில்லிகிஸ் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் இந்தக் கேடயச் சின்னம் என்ற வழக்கமே தொடங்கியது. இருந்தாலும் சிவப்பில் வெள்ளிச் சக்கரத்தை ரைன் கரையிலும் மைன் கரையிலும் ஊர் ஊராகப் பார்க்கலாம், மைன்ஸிலிருந்து வெகு தூரத்தில் துரிங்கியாவில் இருக்கும் எர்ஃபுர்ட் நகரத்தின் சின்னமும் அதே சக்கரம்தான், அதுவும் பேராயருடைய ஊராக இருந்ததால்.

ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸ் மாநிலம் 1948-ல் தனக்குச் சின்னம் தேடியபோது இந்த வேலையைச் சுலபமாக முடித்தது. அந்த நிலப்பரப்பின் பழைய முதலாளிகள் மூவரையும் ஒரே கேடயத்தில் உட்கார வைத்துவிட்டது: ட்ரியர் பேராயரின் சிவப்புச் சிலுவை, மைன்ஸின் சக்கரம், ஃபால்ட்ஸின் சிங்கம். மேலே ராஜ கிரீடத்துக்குப் பதில் திராட்சை இலைக் கிரீடம். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் மோசெல், ரைன் கரைக் கிராமங்களின் கேடயங்களில் கணிசமானவற்றைப் பாதி படித்துவிடலாம்.

சனி, எபர்பாக்

கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மிருகம். எபர்பாக் கேடயத்தில் வெள்ளியில் கறுப்பு ஆண் பன்றி, அடியில் நீல அலைப்பட்டை. பன்றி பாதிப் பெயர், ஓடை மீதிப் பெயர், இரண்டும் சேர்ந்தால் எபர்பாக். சின்ன வயதில் நாம் போட்ட படப் புதிர் போல. அலைப்பட்டை ஜெர்மன் ஊர்க் கேடயங்களில் எங்கே வந்தாலும் ஆறு, ஓடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இது பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நகரமாக இருந்து, 1330-ல் ஃபால்ட்ஸ் பிரபுவுக்கு அடகு வைக்கப்பட்டது. பேரரசர் அடகை மீட்கவே இல்லை. ஆனாலும் கேடயத்தில் சிங்கம் ஏறாமல் பன்றி தப்பித்துவிட்டது.

பெயரைப் பார்த்துச் சின்னம் செய்வது இங்கே சர்வ சாதாரணம். பிபராக் ஊருக்குத் தங்க பீவர், அந்த மரம் அரிக்கும் விலங்கு. லிண்டாவ் ஊருக்கு லிண்டன் மரம். ஓக்ஸன்ஃபுர்ட்டுக்குக் காளை. பெர்லினுக்குக் கரடி, மியூனிக்குக்குத் துறவி. பெர்லின் என்ற பெயருக்கும் கரடிக்கும் மொழியறிஞர்கள் கணக்குப்படி சம்பந்தமே இல்லை, காதில் ஒலித்ததே போதும் என்று வைத்துவிட்டார்கள். இதற்கு நேர் எதிர் ஷ்வைன்ஃபுர்ட். பெயரிலேயே பன்றி இருக்கிறது, ஆனால் கேடயத்தில் நீலத்தில் வெள்ளிக் கழுகு. பேரரசரின் நகரம் என்ற அந்தஸ்தைக் காட்டக் கழுகு வேண்டியிருந்தது, பன்றியை வைத்தால் அது தெரியாதே.

எபர்பாக்கில் பழைய சந்தைச் சதுக்கம், நான்கு மதில் கோபுரங்கள், நல்ல காபி. தம்பி கேக் கடையில் உட்கார்ந்துவிட்டான், நான் சுற்றினேன். சுற்றும்போது யோசித்தது இது. இதுவரை பார்த்தவை எல்லாம் பழைய சின்னங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே பொருள்: ஒரு சிங்கம், ஒரு யாழ், ஒரு கொம்பு. ஆனால் சுற்றியுள்ள சின்னக் கிராமங்களின் கேடயங்களைப் பார்த்தால் மேலே தேவாலயச் சாவி, நடுவே அலை, கீழே கலப்பைக் கொழு, ஓரத்தில் கோதுமைக் கதிர் என்று அடைத்து வைத்திருக்கும். எவ்வளவு புதியதோ அவ்வளவு நெரிசல். ஏனென்றால் கிராமங்களுக்குப் பழங்காலத்தில் கேடயமே கிடையாது. பலவற்றிடம் இருந்தது வெறும் ஊர் முத்திரை, அதிலும் சிலதில் பெயரின் முதல் எழுத்து மட்டும். பாடன் பகுதியில் 1900-ஐ ஒட்டித்தான் கார்ல்ஸ்ரூஹெ ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகக் கேடயம் வரைந்து அனுப்பினார்கள். பழைய முத்திரை இருந்தால் அதை எடுத்துக்கொள்வது, இல்லையென்றால் ஊரை ஆண்டவர் யார், தேவாலயம் எந்தப் புனிதருடையது, பெயரில் என்ன ஒலிக்கிறது என்று பார்த்து ஒன்றைக் கோப்பது. ஆவணக் காப்பகத்துக்காரர் வரைந்தால் ஆவணம் போலத்தானே இருக்கும்? அர்த்தம் எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும், ஆனால் பதில் எழுதி வைத்துத்தான் கேள்வியே வரைந்திருக்கிறார்கள்.

அப்புறம் 1968-லிருந்து 1975 வரை ஊர் இணைப்பு. பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் 3,300-க்கும் மேல் இருந்த ஊராட்சிகள் 1,100 சொச்சமாகச் சுருங்கின. நெக்கார்ஷ்டைனாக்குக்கு எதிர்க்கரைக் குன்றின் மேலே டில்ஸ்பெர்க் என்று கோட்டை ஊர் தெரிந்ததே, அதை 1973-ல் நெக்கார்கெமுண்டோடு சேர்த்தார்கள். சேர்த்த ஊரின் கேடயம் அன்றோடு அதிகாரபூர்வ மதிப்பை இழந்துவிடும், ஊர்த் திருவிழாவிலும் கால்பந்து கிளப் சட்டையிலும் மட்டும் உயிரோடு இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஊராட்சிகள் தங்கள் புதுக் கேடயத்தில் ஐந்து ஊருக்கு ஐந்து கதிர், நான்கு ஊருக்கு நான்கு நட்சத்திரம் என்று போட்டுக்கொண்டன. யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாதே. ஜெர்மன் கேடயத்தில் ஒரே மாதிரி இலையோ கதிரோ வரிசையாக இருந்தால் முதலில் எண்ணிக்கையைத்தான் பாருங்கள், பெரும்பாலும் அது ஊர்களின் எண்ணிக்கை.

ஞாயிறு, ஹோர்ன்பெர்க் கோட்டை, பாட் விம்ப்ஃபென்

நெக்கார்சிம்மர்ன் என்ற கிராமத்தில் இறங்கி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் ஹோர்ன்பெர்க் கோட்டை. இரும்புக் கை வைத்த வீரன் கெட்ஸ் ஃபொன் பெர்லிஷிங்கன் 1517-ல் இதை வாங்கி, 1562-ல் இங்கேயே இறந்தார். 1504-ல் லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையில் பீரங்கிக் குண்டு அவர் வலக்கையைக் கொண்டுபோனது. அவருடைய இரும்புக் கை இங்கே இல்லை, யாக்ஸ்ட்ஹவுசன் ஊர்க் கோட்டையில் இருக்கிறது. 1612-லிருந்து இந்தக் கோட்டை கெம்மிங்கன் குடும்பத்துக்கு, அவர்கள் கேடயம் நீலத்தில் இரண்டு தங்கப் பட்டைகள், அவ்வளவு எளிமை. இங்கேயே ஒயினும் செய்து விற்கிறார்கள். காலை பதினோரு மணிக்கே தம்பி ருசி பார்க்கத் தயார்.

பெர்லிஷிங்கன் குடும்பத்தின் கேடயம் கறுப்பில் வெள்ளிச் சக்கரம். "அதே மைன்ஸ் சக்கரம்தானே?" என்றான் தம்பி, மூன்று நாளில் நல்ல முன்னேற்றம். கம்பியை எண்ணச் சொன்னேன். ஐந்து. மைன்ஸுக்கு ஆறு, பின்னணியும் சிவப்பு. இந்த ஒரு கம்பி வித்தியாசத்தில் ஆளே மாறிவிடுகிறார், யாக்ஸ்ட் ஆற்றுப் பக்கம் போனால் இந்த ஐந்து கம்பிச் சக்கரம்தான் ராஜா. சக்கரத்தில் கத்தி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் இல்லை, அது புனித கத்ரீனாவை வதைக்கக் கொண்டுவந்த சக்கரம், ஊர்த் தேவாலயம் அவர் பெயரில் இருக்கும். வெளிவட்டத்தில் பலகைகள் இருந்தால் நீர் ஆலை. பல் பல்லாக வெட்டியிருந்தால் தொழிற்சாலை, கேடயம் 20-ஆம் நூற்றாண்டில் வரைந்தது. புனிதர்கள் விஷயத்திலும் பொருள்தான் ஆள்: இரும்பு வறுசட்டகம் என்றால் லாரன்ஸ், சிப்பி என்றால் யாக்கோபு, மூன்று தங்க உருண்டை என்றால் நிக்கலஸ், பாதி மேலங்கியும் வாளும் என்றால் மார்ட்டின், ஈட்டியும் பாம்பரக்கனும் என்றால் ஜார்ஜ்.

மதியத்துக்கு மேல் பாட் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாலில் ரயில் மாறி விம்ப்ஃபென். ஷ்டவுஃபர் பேரரசர்களின் அரண்மனை இருந்த ஊர், ரயில் நிலையமே ஒரு குட்டித் தேவாலயம் மாதிரி கட்டியிருக்கிறார்கள். சின்னம்: தங்கத்தில் கறுப்புக் கழுகு, அதன் அலகில் ஒரு சாவி. எனக்கு இந்தப் பயணத்திலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். கழுகு பேரரசருடையது, விம்ப்ஃபென் அவருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நகரம். சாவி புனித பேதுருவினுடையது, அவர் வோர்ம்ஸ் பேராலயத்தின் காவலர். வோர்ம்ஸ் நகரத்தின் கேடயத்திலும் சிவப்பில் வெள்ளிச் சாவி. பேரரசருக்கு முன்னால் விம்ப்ஃபெனை வைத்திருந்தவர் வோர்ம்ஸ் பிஷப். ஷ்டவுஃபர்கள் ஊரை எடுத்துக்கொண்டார்கள், சாவி மட்டும் கழுகின் வாயில் மாட்டிக்கொண்டது. இரண்டு முதலாளிகளும் ஒரே கேடயத்தில், ஒருவர் மற்றவரைக் கவ்விக்கொண்டு. அடுத்த கரையில், ஆறு போகும் திசையில் கொஞ்சம் தள்ளி, குண்டெல்ஸ்ஹைமில் ஹோர்னெக் மாளிகை இருக்கிறது. அது ஜெர்மன் மதவீரர் சங்கத்தினுடையதாக இருந்தது, அவர்கள் அடையாளம் வெள்ளியில் கறுப்புச் சிலுவை. 1525 உழவர் போரில் அதை எரித்த பிறகு அவர்களுடைய தலைமையிடம் மெர்கென்ட்ஹைமுக்குப் போய்விட்டது.

விம்ப்ஃபெனும் 1803 பங்கீட்டில் ஹெஸ்ஸனுக்குப் போனது. சுற்றிலும் பாடனும் வூர்ட்டெம்பெர்க்கும், நடுவில் இது மட்டும் தீவு மாதிரி ஹெஸ்ஸன், அதுவும் இரண்டாம் உலகப் போர் முடியும் வரை. ஊருக்குள்ளே சில வயதானவர்களுக்கு இந்தக் கதை இன்னும் வேடிக்கைப் பேச்சு.

போக நினைப்பவர்களுக்கு: மன்ஹைம் அல்லது ஹைடெல்பெர்க்கிலிருந்து புறநகர் ரயில் நெக்கார்ஷ்டைனாக், ஹிர்ஷ்ஹோர்ன், எபர்பாக் மூன்றிலும் நிற்கும். டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால், 2026-ல் மாதம் 63 யூரோ, வேறு டிக்கெட் எதுவும் வேண்டாம். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் பூட்டியிருக்கும், அதனால் புதன் அல்லது வியாழனில் தொடங்குங்கள். எல்லைக் கல் தேடுபவர்கள் இலை உதிர்ந்த பிறகு போவது நல்லது, கோடையில் புதருக்குள் ஒன்றும் தெரியாது, உண்ணியும் அதிகம், முழுக்கால் சட்டை அவசியம். ஹோர்ன்பெர்க் ஏற்றத்தில் நிழல் இல்லை, தண்ணீர் கொண்டு போங்கள். வறுத்த மீன் நெக்கார்ஷ்டைனாக்கில், கேக் எபர்பாக்கில், இது தம்பியின் சிபாரிசு.